ஒரு சவரனுக்கு எவ்வளவு பாறை? கோலார் தங்கவயலின் கல்லும் கணக்கும்

சவுகார்பேட்டையில் நகைப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் சந்துகளில், கடைகள் திறப்பதற்கு முன்பாகவே சிலர் துடைப்பமும் தட்டுமாக வந்து, வாசற்படி ஓரத்து மண்ணையும் சாக்கடை வண்டலையும் கூட்டி அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அராவும்போது தெறித்த பொடியும், கழுவிய நீரோடு போன துகளும் அந்த மண்ணில் இருக்கின்றன. தட்டில் மண்ணைப் போட்டு நீரூற்றிச் சுழற்றினால் லேசான மண் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். கனமானது அடியில் தங்கும். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்றே அதிகம். இந்த வேறுபாடு ஒன்றுதான் அவர்களுடைய முதல். ஒரு கூடை மண்ணை அள்ளலாமா, விட்டுவிடலாமா என்று அவர்கள் போடும் கணக்குக்கும், 120 ஆண்டுகள் இயங்கிய கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் போட்ட கணக்குக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. இவ்வளவு மண்ணில் இவ்வளவு தங்கம். அதைப் பிரிக்க இவ்வளவு செலவு.

சுரங்கத் தொழிலில் இதை ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். நமக்குப் பழகிய அளவில் சொல்வதானால், எட்டு கிராம் கொண்ட ஒரு சவரன் கிடைக்க எவ்வளவு பாறையை உடைக்க வேண்டும் என்று கேட்கலாம். தங்கவயலில் தொழில் சூடுபிடித்த தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேலும் கிடைத்தது. அதாவது 200 கிலோ பாறைக்குள் ஒரு சவரன். மூடப்படும் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் பாறை. சுரங்கம் ஏன் தோன்றியது, ஏன் செழித்தது, ஏன் மூடப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி இந்த ஒரே எண்ணின் சரிவில் இருக்கிறது என்பதே என் கருத்து. ஊழல் என்றும் அலட்சியம் என்றும் மட்டும் காரணம் தேடுகிறவர்கள் பாறையை மறந்துவிடுகிறார்கள்.

வட சென்னைக்காரர்களுக்குத் தங்கவயல் தொலைவான ஊர் அன்று. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில்பாதை, பின்னர் ஜோலார்பேட்டை வழியாக நீண்டு 1864இல் பெங்களூரைத் தொட்டது. சுரங்க வேலைக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் இந்தப் பாதை வெட்டிச் செல்லும் வட ஆற்காட்டிலிருந்தும், சித்தூர், சேலம், செங்கல்பட்டுப் பகுதிகளிலிருந்தும்தான் பெருவாரியான தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், மைசூர் சமஸ்தானத்துக்குள் போனார்கள். தங்கவயலின் மாரிக்குப்பம் வரையிலான கிளைப்பாதை 1894இல் வந்தது. பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் தங்கவயலில் பாட்டன் வேலை பார்த்ததாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் ஒரு நம்பிக்கையை இங்கே திருத்தியாக வேண்டும். தங்கசாலைத் தெருவில் கோலார் தங்கத்தைத்தான் நாணயமாக அடித்தார்கள் என்று நானே பள்ளி நாட்களில் நம்பியிருந்தேன். தங்கசாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டது. கோலாரில் இயந்திரச் சுரங்கம் தொடங்கியது 1880இல். ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை.

இனி, அந்தப் பாறைக்கு வருவோம்.

தங்கவயல் அமைந்திருப்பது கோலார் படலப்பாறைப் பட்டை எனப்படும் ஒடுக்கமான நிலப்பகுதியில். வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, அகலத்தில் சில கிலோமீட்டர் மட்டுமே கொண்ட இந்தப் பட்டையின் தென்பகுதி ஆந்திரத்தின் குப்பம் பக்கம் வரை செல்கிறது. இருபுறமும் கருங்கல் வகை நைஸ் பாறைகள். நடுவில் இருக்கும் பட்டை மட்டும் கறுத்த பாறையால் ஆனது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. பின்னாளில் புவியோட்டின் பகுதிகள் ஒன்றையொன்று நெருக்கியபோது மடிந்து, புதைந்து, வெந்து ஆம்பிபோலைட் என்னும் இரும்புச்சத்து மிகுந்த கரும்பாறையாக மாறியது. இந்தப் பட்டைக்குக் கிழக்கே இருக்கும் நைஸும் மேற்கே இருக்கும் நைஸும் வயதிலும் வேதி அமைப்பிலும் வேறுபடுகின்றன. அதனால், தனித்தனியாக இருந்த இரண்டு பழைய நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தையல் கோடுதான் இந்தப் பட்டை என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

தையல் கோடு என்றால் அங்கே விரிசல் இருக்கும். விரிசல் இருந்தால் நீர் நகரும். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கரியமில வாயுவும் கந்தகமும் கரைந்த சூடான நீர் இந்தப் பிளவுகள் வழியே மேலேறி வந்தது. தங்கம் எளிதில் எதனோடும் சேராத உலோகம் என்றாலும், கந்தகம் கரைந்த சுடுநீரில் மிக நுண்ணிய அளவில் கரையும். அந்த நீர் இரும்பு மிகுந்த கரும்பாறையைத் தொட்டபோது கந்தகம் இரும்போடு சேர்ந்துகொண்டது. தாங்கிப் பிடித்திருந்த கந்தகத்தை இழந்த தங்கம் படிந்தது. நில அசைவால் பிளவு திடீரென அகன்று அழுத்தம் குறைந்தபோதும் படிந்தது. கூடவே வெள்ளைக்கல் எனப்படும் குவார்ட்ஸும் படிந்து விரிசலை அடைத்தது. பிறகு மறுபடி விரிசல், மறுபடி நீர், மறுபடி ஒரு படிவு. இது ஒருமுறை நடந்த நிகழ்ச்சி அன்று. நூற்றுக்கணக்கான முறை நடந்திருக்க வேண்டும்.

அதைக் கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து, சுரங்கம் மூடியபின் மகனோடு வியாசர்பாடிக்கு வந்து எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பெரியவர் ஒருவர், துணியில் சுற்றி வைத்திருந்த உள்ளங்கையளவுக் கல்லை எடுத்துக் காட்டினார். வெள்ளைக்கல் என்கிறோமே தவிர அது வெள்ளையாக இல்லை. புகை படிந்ததுபோல் நீலம் கலந்த சாம்பல் நிறம். அதற்குள் நூல் கனத்தில் கறுப்புக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, நெருக்கமாக. ஒவ்வொரு கோடும் விரிசல் மறுபடி திறந்து மூடிய ஒரு தடம். உடைந்த விளிம்பு கண்ணாடிபோல் கூராக இருந்தது. தங்கம் எங்கே என்று கேட்டேன். “இதுல இருக்கு தம்பி, கண்ணுக்குத்தான் தெரியாது” என்றார். டன்னுக்கு 40 கிராம் என்பதே 25,000 பங்கில் ஒரு பங்குதான் என்பதை நினைத்தால், கண்ணுக்குத் தெரியாததில் வியப்பில்லை.

சாம்பியன் என்று பெயர் பெற்ற இந்தக் குவார்ட்ஸ் நரம்புதான் தங்கவயலின் உயிர். பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து ஓடும் அது, அகலத்தில் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே இருந்தது. மேற்குப் பக்கமாகச் சாய்ந்து இறங்கி, ஆழம் போகப்போக ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்துகொண்டது. நரம்பு முழுவதிலும் தங்கம் ஒரே அளவாக இல்லை. நரம்பு மடிந்தும் தடித்தும் இருந்த இடங்களில் செறிந்தும், மற்ற இடங்களில் வெறும் கல்லாகவும் இருந்தது. செறிந்த பகுதிகள் தூண்களைப்போல் வடக்கு நோக்கிச் சரிந்து ஆழத்துக்கு இறங்கின. ஆகவே சுரங்கமும் அவற்றைத் துரத்திக்கொண்டு கீழே போக வேண்டியதாயிற்று. மேற்கே இருந்த வேறு சில நரம்புகளில் தங்கம் கந்தகத் தாதுக்களோடு கலந்து, குறைந்த செறிவில் கிடைத்தது.

இந்த நரம்பை முதலில் கண்டவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. நூறு அடிக்கும் ஆழமாகப் பழைய குழிகள் அங்கே இருந்தன. அவற்றில் கிடைத்த மரத்துண்டுகளின் கரிமக் கணிப்பு, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தோண்டினார்கள் என்று காட்டுகிறது. பாறையை நெருப்பால் சுட்டுத் தளர்த்தி, இரும்பு உளியால் பெயர்த்து, நிலத்தடி நீர் இறைக்க முடியாத அளவுக்கு வந்ததும் நிறுத்தியிருக்கிறார்கள். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டு, பரிசு தருவதாகச் சொல்லி அவர்களை வரவழைத்தார். வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து அவர் கண்முன் அரித்துக் காட்டினார்கள். 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் என்பது அவர் கணக்கு. இன்றைய அளவில் அது டன்னுக்கு ஒரு கிராமுக்குச் சற்றே மேல். ஒரு சவரனுக்கு ஏழு டன் மண். கிழக்கிந்தியக் கும்பினி அரசை அது ஈர்க்கவில்லை. இந்த வாரன்தான் பின்னர் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர்; தமிழர் காலக்கணிதத்தை ஆராய்ந்து எழுதியவரும் அவரே.

அவருடைய பழைய குறிப்பைப் படித்துவிட்டு வந்தவர், நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் படைவீரர். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து 1875இல் உரிமம் பெற்றார்; பணம் போதாமல் அதைப் பிறருக்கு மாற்றிக்கொடுத்தார். 1880இல் மைசூர் சுரங்கக் கம்பெனி உருவாயிற்று. லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை ஏற்றது. அந்தச் சமயத்தில் வயநாட்டிலும் தங்க மோகம் தலைக்கேறியிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அங்கே பெருமுதலைக் கொட்டிச் சில ஆண்டுகளில் காணாமல் போயின. வயநாட்டு நரம்புகள் மேற்பரப்பில் பகட்டாகத் தெரிந்தனவே தவிர, ஆழத்தில் செறிவாகத் தொடரவில்லை. கோலாரும் அதே வழியில்தான் போயிருக்கும். மூன்று ஆண்டுகளில் மைசூர் கம்பெனியின் முதல் ஏறக்குறைய கரைந்துவிட்டது. பங்குதாரர்கள் மூடிவிடலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். 1883இல் பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர், பழைய குழிகளின் அடியைத் தேடிப் போனார். முன்னோர்கள் ஒரு குழியை ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எளிய தர்க்கம். அவர்கள் நீரால் நிறுத்திய இடத்துக்குக் கீழே சாம்பியன் நரம்பு செறிவாக நின்றிருந்தது. தோற்கவிருந்த ஐரோப்பியத் தொழிலைக் காப்பாற்றியது, பெயர் தெரியாத அந்தப் பழந்தொழிலாளர்களின் அறிவுதான். இதை வேண்டிய அளவு யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

அதன்பின் வளர்ச்சி வேகமாக இருந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஒரே நரம்பின்மேல் அடுத்தடுத்துச் சுரங்கங்கள் எழுந்தன. வெட்டிய பாறையை இரும்புலக்கை வரிசைகளின் கீழே போட்டு நீரோடு இடித்துக் கூழாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டார்கள். தங்கத்துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் மிக நுண்ணிய துகள்கள் வண்டலோடு வெளியே போயின. 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட சயனைடு முறை அடுத்த பத்தாண்டில் இங்கே வந்தபோது, வீணாகப் போய்க்கொண்டிருந்த அந்தத் தங்கமும் கரைசலாக மீட்கப்பட்டது. பாறையின் செறிவு மாறாமலே கைக்கு வரும் கிராம் கூடியது.

இயந்திரங்கள் அதுவரை நீராவியில் ஓடின. கொதிகலன்களுக்கு எரிபொருள் கொண்டுவரும் செலவு சுரங்கத்தின் கழுத்தை நெரித்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியில் கொண்டுவந்து, 1902இல் தங்கவயலில் இயந்திரங்களை ஓட்டினார்கள். அந்த நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே அதற்குப் பிறகுதான் மின்விளக்கு வந்தது. மின்சாரம் வந்த சில ஆண்டுகளில், 1905ஐ ஒட்டி, உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. ஓராண்டில் ஏறத்தாழ 19 டன் தங்கம். வேலையாட்கள் 30,000 பேரை ஒட்டி இருந்த ஊர் அது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மதராஸுக்கு வெளியே வேரூன்றிய முக்கிய இடங்களில் மாரிக்குப்பமும் ஒன்றானது இந்தத் தொழிலாளர் கூட்டத்தால்தான்.

உச்சத்துக்குப் பின் ஆண்டு உற்பத்தி மெல்ல மெல்லக் குறைந்தது. ஆழம் மட்டும் கூடிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டி, இறுதியில் ஏறத்தாழ 3,200 மீட்டர் வரை இறங்கியது. அத்தனை ஆழத்துக்கு ஒரே கூண்டில் போக முடியாது. ஒன்றிலிருந்து இறங்கி, சுரங்கவழியில் நடந்து, அடுத்த கூண்டில் ஏறி இறங்க வேண்டும். அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைக் கடந்திருந்தது. இது கொடிய வெப்பம்தான். ஆனாலும் புவியியல் நோக்கில் பார்த்தால் இது எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. உலகின் பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி கூடும். தக்காணத்தின் இந்தப் பழைய, ஆறிப்போன நிலத்தில் ஏறத்தாழ 12 டிகிரிதான் கூடுகிறது. வழக்கமான வீதத்தில் கூடியிருந்தால் அந்த ஆழத்தில் பாறை 100 டிகிரிக்கும் மேலே கொதித்திருக்கும். மனிதர்கள் அங்கே இறங்கியிருக்க முடியாது. நிலத்தின் முதுமையே சுரங்கத்துக்கு ஆயுளைக் கொடுத்தது. அந்த வெப்பத்திலும் குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தித்தான் வேலை நடந்தது.

வெப்பத்தைவிடக் கொடியது பாறையின் வெடிப்பு. 3,200 மீட்டர் ஆழத்தில் மேலே நிற்கும் பாறையின் எடை மட்டுமே, கட்டைவிரல் நகம் அளவான ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 900 கிலோவாக அழுத்துகிறது. நரம்பை வெட்டியெடுத்த வெற்றிடத்தின் ஓரங்களில் அந்த அழுத்தம் இன்னும் பலமடங்காகக் குவியும். மென்மையான பாறையாக இருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். குவார்ட்ஸும் ஆம்பிபோலைட்டும் வளையாது; தாங்கும் வரை தாங்கி, பிறகு குண்டுபோல் சிதறும். தங்கவயலில் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றே பழைய தலைமுறையினர் சொன்னார்கள். கீழே வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். எந்த ஷிப்டில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று பெண்கள் சாஃப்ட் எனப்படும் சுரங்கக் குழியின் வாசலுக்கு ஓடுவார்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது. வெட்டிய இடங்களைக் கருங்கல் சுவர்களால் அடைத்துத் தாங்கவைப்பது தங்கவயலின் முறை. பாறை அதிர்வுகளைப் பதிவுசெய்யும் ஆய்வும் அங்கே வளர்ந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது அந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான்.

வெடிப்பு ஒரு கணத்தில் கொன்றது. தூசி ஆண்டுக்கணக்கில் கொன்றது. குவார்ட்ஸைத் துளையிடும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய், 1940களில் அங்கே நடந்த மருத்துவ ஆய்வில் சோதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல் காணப்பட்டது. தங்கத்தின் அடக்கவிலையைக் கணக்கிட்ட எந்த ஏட்டிலும் இந்த மூச்சுத்திணறல் செலவாக எழுதப்படவில்லை.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆயிற்று. அரசின் கைக்கு வந்தபோதே நல்ல பாறையின் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. அதோடு தங்கத்தின் அதிகாரபூர்வ உலக விலை 1934 முதல் 1971 வரை அவுன்ஸுக்கு 35 டாலர் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. கூலி, மின்சாரம், இரும்பு, வெடிமருந்து எல்லாம் விலையேறின; நீரிறைப்பும் காற்றோட்டமும் ஆழத்துக்கு ஏற்பக் கூடின; விற்கும் பொருளின் விலை மட்டும் 37 ஆண்டுகள் அசையவில்லை. விலை விடுபட்டபோது டன்னுக்கான கிராம் வெகுவாகக் குறைந்திருந்தது. 1990களில் ஆண்டு உற்பத்தி ஒரு டன்னுக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியிருந்த ஏறத்தாழ 3,500 பேரின் வேலை போயிற்று. இறைப்பு நின்றதும் நிலத்தடி நீர் சுரங்கத்தை நிரப்பத் தொடங்கியது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் எனப்படும், எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த இரண்டு சோதனைகளில் ஒன்று நடந்த ஆழ்நிலைக் கூடமும் இந்தச் சுரங்கத்தில்தான் இருந்தது.

மொத்தக் கணக்கு இது: 120 ஆண்டுகள், ஏறத்தாழ 5.1 கோடி டன் பாறை, ஏறத்தாழ 800 டன் தங்கம். சராசரி டன்னுக்கு 15 கிராமுக்குச் சற்று மேல்; ஒரு சவரனுக்கு அரை டன் பாறை. இன்று இந்தியா இறக்குமதி செய்யும் தங்கம் பல ஆண்டுகளில் 700 டன்னைத் தாண்டுகிறது. ஐந்து தலைமுறை இறங்கி எடுத்தது முழுவதையும் நாம் இப்போது ஏறக்குறைய ஓராண்டில் வாங்கிவிடுகிறோம். நாட்டில் குறிப்பிடத்தக்க அளவில் தங்கம் எடுக்கும் சுரங்கமாக ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி எஞ்சியிருக்கிறது. அதன் ஆண்டு உற்பத்தி இரண்டு டன்னுக்கும் கீழ்.

தங்கவயலில் இப்போது பேசப்படுவது கீழே இருக்கும் பாறையைப் பற்றியதைவிட மேலே குவிந்திருக்கும் சயனைடு மேடுகளைப் பற்றியதே அதிகம். பாறையை இடித்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய சாம்பல்நிற மண் குன்றுகள் அவை. ஏறத்தாழ 3.3 கோடி டன் மண்ணில், டன்னுக்கு 0.7 கிராம் அளவுக்குத் தங்கம் இன்னும் இருப்பதாக மதிப்பீடு. ஒரு சவரனுக்கு 11 டன்னுக்கு மேல் மண். வாரன் கண்முன் அரித்த மண்ணைவிடவும் ஏழ்மையான மண் இது. ஆனால் இதை வெட்ட வேண்டாம், தூக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். அந்தச் செலவை முந்தைய தலைமுறைகள் செய்துவிட்டன. தங்கத்தின் இன்றைய விலையில் 0.7 கிராமுக்கும் கணக்கு ஒத்துவரக்கூடும் என்பதால்தான், 2024இல் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளை மறுபடி பதப்படுத்தும் திட்டத்துக்கு இசைவு தெரிவித்தது. அந்த மேடுகளில் புல் சரியாக முளைப்பதில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு போன்ற தூள் பறந்து, கீழே லைன் வீடுகளில் குடங்களின்மேலும் கொடியில் காயும் துணியின்மேலும் படிகிறது. அது அரைத்த குவார்ட்ஸ். சுரங்கத்துக்குள் நுரையீரலைத் தழும்பாக்கிய அதே தூள். மேட்டைக் கலைத்து அள்ளப்போகிறவர்கள் டன்னுக்கு எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன்பு, அள்ளும்போது அந்தத் தூளை எப்படி நனைத்து அடக்கப்போகிறோம் என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் சொல்லியாக வேண்டும்.